முப்பத்து மூன்றரை

அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. சம்பளச் சீட்டில் அது வரும், அதோடு சரி. குஞ்சு பொரிக்கிற கம்பெனியில் மேனேஜர் முதல் கூட்டிப் பெருக்குகிற ஆள் வரை எல்லாருக்கும் அவன் டிகிரிதான். நாலாம் வகுப்பைத் தாண்டாதவனுக்கு இப்படி ஒரு பட்டம். "நம்ம கூட்டத்துலயே டிகிரி வாங்குனவன் இவன் ஒருத்தன்தாம்ப்பா" என்று புதிதாக வருகிற ஆளிடம் சொல்லிச் சிரிப்பார்கள். அவனும் கூடவே சிரித்துவைப்பான்.

டிகிரிக் கணக்கில் சூடு பார்ப்பது அவன் வேலை. லாரியில் வந்து இறங்கும் முட்டைகள் பதினெட்டு நாள் பெரிய மெஷினுக்குள் இருக்கும். பிறகு மூன்று நாள் பொரிக்கிற மெஷினில். ஒவ்வொரு மெஷினின் நெற்றியிலும் சிவப்பு எண் எரியும். பெரிய மெஷின் என்றால் முப்பத்தேழு புள்ளி ஏழு. அது முப்பத்தேழு புள்ளி மூன்றுக்கு இறங்கினாலே போதும். சாப்பிட்டுக்கொண்டிருந்தால் கையை உதறிவிட்டு எழுந்து ஓடுவான். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றது முப்பது வயதுக்கு மேல். எண்களோடு அதற்கு வெகு முன்பே பழகிவிட்டான். குஞ்சின் காலைத் தன் கன்னத்தில் ஒட்டிப் பார்த்து, "இது குளுந்து போச்சு, சூட்டுல வைங்க" என்பான். பதினோரு வருஷத்தில் அந்தக் கன்னம் பொய் சொன்னதில்லை.

அவன் மனைவியும் அங்கேதான் வேலை பார்த்தாள். பொரித்த குஞ்சுகள் வந்து விழுகிற நீள மேசையில் தரம் பிரிக்கிற வேலை. எட்டு மணி நேரமும் நின்றபடி. நல்லது பெட்டிக்கு, தொப்புள் மூடாதது, கால் வளைந்தது, தலை தூக்காதது எல்லாம் பக்கத்துக் கழிவு வாளிக்கு. ஒரு குஞ்சுக்கு ஒரு கண்சிமிட்டல்தான் நேரம். வயிற்றுப் பிள்ளைக்கு ஏழு மாதம் ஆனபோது சூபர்வைசரிடம் போய், "என்னை வேற எங்கயாவது போடுங்க சார். வாளிப் பக்கம் கை போக மாட்டேங்குது" என்றாள். அட்டைப்பெட்டி மடிக்கிற இடத்துக்கு மாற்றினார்கள்.

கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து உண்டான பிள்ளை. மழை பிடித்துக்கொண்ட ஒரு விடியற்காலையில் அவளுக்கு வலி கண்டது. பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். ஆறு மணி வாக்கில் வெளியே டீக்கடையில் போய் பிளாஸ்க் நிறைய வெந்நீர் வாங்கிவந்து, பிரசவ அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தான். பிள்ளை பெற்றவளுக்குக் குடிக்க வெந்நீர் வேண்டும் என்று கடைக்காரர்தான் சொல்லி அனுப்பினார்.

உள்ளே அவள் கத்தினாள். பிறகு கத்தல் நின்றது. அதன்பிறகு வரவேண்டிய சத்தம் வரவில்லை.

வந்ததெல்லாம் ஒரு பெண்குரல் எண்ணுகிற சத்தம். ஒண்ணு, ரெண்டு, மூணு, ஊது. ஒண்ணு, ரெண்டு, மூணு, ஊது. அவன் எழுந்து நின்றான். சுவரில் இருந்த கடிகாரத்தில் ஆறு பத்து. ஆறு இருபதுக்கும் அந்தக் குரல் எண்ணிக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது.

கதவைத் திறந்து வந்த நர்ஸின் நெற்றியெல்லாம் வியர்வை.

"பையன். கொடி கழுத்துல ரெண்டு சுத்து சுத்தியிருந்துச்சு. இதயம் இப்பத்தான் ஒழுங்கா அடிக்குது. மூச்சு தானா எடுக்கல. பெரியாஸ்பத்திரிக்கு ஃபோன் பண்ணியாச்சு. நீங்க கூட வரணும்."

"அவ?"

"அவங்களுக்கு ரத்தம் நிக்கல. அவங்கள இப்ப நகத்த முடியாது. டாக்டர் பாத்துப்பாரு. நீங்க பிள்ளையோட வாங்க."

பிளாஸ்க் கையில் இருந்தபடியே ஆம்புலன்ஸில் ஏறினான்.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றேகால் மணி நேரப் பயணம். மழை கண்ணாடியில் அறைந்தது. சின்னத் தட்டு ஒன்றில் பிள்ளை கிடந்தது. இடுப்புத்துணி தவிர மேலே ஒன்றும் இல்லை. வாயில் செருகிய குழாயின் முனையில் இருந்த பையை நர்ஸ் அமுக்கி அமுக்கி விட்டுக்கொண்டிருந்தாள். ஏறும்போதே சொல்லிவிட்டாள்: "மேல எதுவும் போத்தாதீங்க. திறந்தே இருக்கட்டும். பெரியாஸ்பத்திரியில அப்படித்தான் கொண்டுவரச் சொன்னாங்க."

அவன் காதில் அது விழுந்தது. மனதில் விழவில்லை. ராத்திரி முழுக்க நின்று களைத்த நர்ஸ், பாவம், ஏதோ சொல்கிறாள் என்று நினைத்தான். வண்டிக்குள் காற்று ஊசியாய்க் குத்தியது. அவன் குனிந்து பிள்ளையின் பாதத்தில் கன்னத்தை வைத்தான். ஐஸ்.

அதற்கப்புறம் அவன் யோசித்து எதையும் செய்யவில்லை. கை செய்தது. மழைக்காலத்தில் குஞ்சு ஏற்றுகிற வேனில் பெட்டிகளுக்கு நடுவே வெந்நீர் பாட்டிலைச் சாக்கில் சுற்றிச் செருகி வைப்பார்கள். ஆயிரம் குஞ்சு ஏறினால் ஆயிரமும் உயிரோடு இறங்கும். வண்டியில் கிடந்த தண்ணீர் பாட்டிலில் பாதியைக் கொட்டிவிட்டு பிளாஸ்கிலிருந்து வெந்நீரை விட்டான். மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பார்த்தான். கொஞ்சம் அதிகம். இன்னும் கொஞ்சம் பச்சைத் தண்ணீர் விட்டான். இப்போது சரி. தோளில் இருந்த துண்டை இரண்டு மடிப்பாகச் சுற்றினான். தோலில் படாமல், நாலு விரல் தள்ளி, பிள்ளையின் தொடைப் பக்கமாகச் செருகினான். அந்தப் பக்கம் நர்ஸுக்குத் தெரியாது. அவள் கண் பிள்ளையின் நெஞ்சு ஏறி இறங்குவதிலேயே இருந்தது. சூடு ஆற ஆற மறுபடி ஊற்றினான். மூன்று தடவை ஊற்றினான். அவ்வளவு பக்குவமாக அந்த வேலையை அவன் அதற்கு முன் செய்ததில்லை.

மறுபடி பாதத்தில் கன்னத்தை வைத்தபோது வெதுவெதுப்பாக இருந்தது. அன்று காலையிலிருந்து அப்போதுதான் அவன் ஒரு மூச்சை முழுசாக விட்டான்.

பெரிய ஆஸ்பத்திரியில் தட்டை வாங்கிப்போன டாக்டரம்மா ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்தார். கையில் துண்டு சுற்றிய பாட்டில்.

"முப்பத்தெட்டு புள்ளி ரெண்டு இருக்கு" என்றார் நர்ஸிடம். "திறந்து கொண்டுவாங்கன்னு நான்தானே ஃபோன்ல சொன்னேன்? இதை யார் வச்சது?"

நர்ஸ் பாட்டிலைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துவிட்டது. "நான் வைக்கல மேடம். சத்தியமா."

"நான்தாங்க" என்றான் டிகிரி. "கால் குளுந்து கெடந்துச்சுங்க."

டாக்டரம்மா அவனைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. பாட்டிலை ஓரமாக வைத்துவிட்டு அவனைப் பெஞ்சில் உட்காரச் சொன்னார்; தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். பெரிய படிப்புப் படித்தவர் தன் பக்கத்தில் உட்கார்ந்ததும் விஷயம் எவ்வளவு கெட்டது என்று அவனுக்குத் தெரிந்துபோயிற்று.

"மூச்சு முட்டுன மூளைக்குத் திரும்பக் காத்து கெடச்சா எல்லாம் சரியாயிடும்னு நெனைப்போம். அப்படி இல்லீங்க. காத்து வந்தப்புறம்தான் உள்ளுக்குள்ள ஒரு புகைச்சல் ஆரம்பிக்கும். மணிக்கணக்குல, நாள்கணக்குல அது பரவும். மிச்சம் இருக்கிற நல்ல எடத்தையும் அது தின்னுடும். உடம்பைக் குளிர வச்சா அந்தப் புகைச்சல் அடங்க ஒரு வாய்ப்பு இருக்கு. முப்பத்து மூணரை டிகிரி."

அந்தச் சொல்லைக் கேட்டு, தன்னைத்தான் கூப்பிட்டார் என்பது போல அவன் நிமிர்ந்தான்.

"மூணு நாள் அந்தச் சூட்டுலயே வச்சிருப்போம். ஆனா பொறந்த ஆறு மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாத்தான் பலன். சீக்கிரம் ஆரம்பிச்சா இன்னும் நல்லது. இப்ப எட்டே முக்கால். கையெழுத்துப் போடுறீங்களா?"

"போடுறேங்க. அம்மா... நான் வச்ச பாட்டிலு..."

"சூடு ஏறுனா அந்தப் புகைச்சலும் ஏறும். பொய் சொல்லி உங்களைத் தேத்த நான் விரும்பல. பிள்ளைக்கு ஏற்கெனவே பெரிய அடி விழுந்திருக்கு. நாளைக்கு ஏதாவது குறை வந்தா, இதனாலதான்னு யாராலயும் சொல்ல முடியாது. இதனால இல்லைன்னும் சொல்ல முடியாது."

அவன் தன் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினான். கடைசி எழுத்து கோட்டுக்கு வெளியே போய் நின்றது.

மனைவியின் அண்ணன் மதியம் வந்து சேர்ந்தார். கம்பெனி வேன் ஓட்டுகிறவர். வேன்காரர் என்றால்தான் தெரியும். குஞ்சை இறக்கிவிட்டு அப்படியே வந்ததில் சட்டையெல்லாம் மஞ்சள் பூம்பஞ்சு ஒட்டியிருந்தது.

"தங்கச்சிக்கு ரத்தம் நின்னுடுச்சு. கண்ணு முழிச்சிடுச்சு. முதல்ல அதைக் கேட்டுக்க" என்று சொல்லிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தார். பையிலிருந்து ரொட்டியும் அவித்த முட்டை இரண்டும் எடுத்து வைத்தார். "தின்னு. நீ விழுந்தா உன்னைத் தூக்க நான் ஆள் கூட்டிட்டு வரணும். எடை கொஞ்சமா இருக்க நீ?"

"பசிக்கல மச்சான்."

"பசிக்குதான்னு நான் கேக்கவே இல்லையே. தின்னுன்னுதானே சொன்னேன்."

முட்டையை உரித்தான். வாயில் வைக்கவில்லை. ஆம்புலன்ஸில் நடந்ததை மெதுவாகச் சொல்லி முடித்தான். வேன்காரர் எப்போதும் வாய் ஓயாதவர். அவரே சட்டையில் ஒட்டிய பூம்பஞ்சை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"அது என் வேன் வித்தைதானே மாப்ள" என்றார் கடைசியில். "உனக்குக் காட்டிக் குடுத்தவனே நான்தான்."

"நீங்க குஞ்சுக்குக் காட்டிக் குடுத்தீங்க."

"சரி விடு. எந்த அப்பன் பிள்ளை வெறைச்சுக் கெடக்கறதப் பாத்துட்டு சும்மா இருப்பான்? உலகத்துல எங்கயாவது, பிள்ளையைக் குளுர வைய்யின்னு யாராச்சும் சொல்லிக் கேட்டிருக்கியா? எனக்கே அவங்க சொல்றது புரியல."

"எனக்குப் புரியுது மச்சான்." டிகிரி கையில் இருந்த முட்டையைப் பார்த்தபடியே சொன்னான். "கடைசி மூணு நாளு பொரிக்கிற மெஷின்ல கரண்டு போச்சுன்னா நாம என்ன செய்வோம்?"

"கதவைத் தெறந்து விடுவோம்."

"ஏன்?"

"இதென்ன கேள்வி. காத்தாடி நின்னுபோச்சுன்னா உள்ள காத்து இருக்காது. முட்டைக்குள்ள இருக்கிறது தன் சூட்டுல தானே வெந்துடும்."

"புதுசா வந்த ஆளு என்ன செய்வான்? சூடு போயிடும்னு கதவை இறுக்கிச் சாத்துவான். எத்தனை பேரை அதுக்குக் கத்தியிருக்கேன் நான். 'அடேய், அது குளுருக்குச் சாகாதுடா, மூடுனாத்தான்டா சாகும்'னு. பதினோரு வருஷம் மச்சான். தெரியாத வேலையில தப்புப் பண்ணியிருந்தா மனசு ஆறும்."

வேன்காரர் அவன் கையிலிருந்த முட்டையை வாங்கி ரொட்டிக்குள் வைத்து அவன் வாய்க்கு நேரே நீட்டினார். அவன் ஒரு கடி கடித்தான்.

"ஒண்ணு மட்டும் கேளு" என்றார் அவர் குரலைத் தாழ்த்தி. "தங்கச்சிகிட்ட இதைச் சொல்லாத. இப்ப மட்டும் இல்ல, எப்பவுமே. டாக்டருக்குத் தெரியும், உனக்கும் எனக்கும் தெரியும். அதோட போகட்டும். பிள்ளை நல்லா வந்தா யாரும் கேக்கப் போறதில்ல. வரலைன்னு வையி, வாழ்நாள் பூரா ஒவ்வொரு வேளைச் சோத்துலயும் அந்தப் பாட்டிலுதான் உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நிக்கும்."

அவன் ரொட்டியை இன்னொரு கடி கடித்தான். அதை ஒப்புக்கொண்டதாகவே வேன்காரர் எடுத்துக்கொண்டார்.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே எண் முப்பத்து மூன்றரைக்கு வந்துவிட்டதாக உள்ளிருந்து சொல்லியிருந்தார்கள். பதினொன்று இருபதுக்கு. சாயங்காலம் அவனை உள்ளே விட்டார்கள். பிள்ளையின் அடியில் தண்ணீர் ஓடுகிற மெத்தை. தண்ணீரைக் குளிர்விக்கிற மெஷின் கட்டிலோரம் உறுமிக்கொண்டிருந்தது. மூச்சுக்கு ஒரு மெஷின். தலையில் ஒட்டிய கம்பிகள் மூளை ஓட்டத்தை ஒரு திரையில் வரைந்தன. முதல் நாள் அந்தக் கோடு ஏறக்குறைய தட்டையாகத்தான் கிடந்தது. பிள்ளையின் நிறம் மங்கி, உதடு சாம்பல் பூத்திருந்தது. இதயம் நிதானமாக அடித்தது. குளிரில் அப்படித்தான் அடிக்கும் என்றார்கள்.

மெஷினின் நெற்றியில் எண் எரிந்தது. 33.5.

அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பதுதான் அவன் பட்ட பெரிய பாடு. இவ்வளவு இறங்கிய எண்ணைப் பார்த்தால் அவன் கை தானாக எழும்பும். ஒரு சுவிட்சைத் தேடும், ஒரு கதவை மூடப் பார்க்கும். கைகளைக் கட்டி அக்குளுக்குள் வைத்துக்கொண்டான். அதைப் பார்த்த அந்த வார்டு நர்ஸ், நடுவயதுக்காரி, வாய்த்துடுக்கானவள், "என்ன சார், பிள்ளையைக் குளிர வச்சா உங்களுக்கு நடுங்குது?" என்றாள்.

அவன் சிரிக்க முயன்றான்.

"தொடலாம் சார். கையைக் கழுவிட்டு விரலைத் தொட்டுப் பாருங்க. அப்பா கை பட்டா நல்லதுதான்."

"வேணாங்க."

"அட, ஒண்ணும் ஆகாது."

"என் கை சூடுங்க" என்றான். அவள் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துக்கொண்டு போய்விட்டாள்.

இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் காலையில் திரையில் கோடு கொஞ்சம் எழும்பியது. டாக்டரம்மா பார்த்துவிட்டு, "பரவாயில்ல" என்று ஒரு சொல் சொன்னார். அவன் அந்த ஒரு சொல்லை மதியம் வரை வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தான்.

மதியம் மனைவி வந்தாள். அண்ணன் வேனில், பின்னால் மெத்தை போட்டு, தையல் பிரியாமல் ஊர்ந்து ஊர்ந்து ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். சக்கர நாற்காலியில் உட்காரவைத்து அவனே உள்ளே தள்ளிக்கொண்டு போனான். வழியெல்லாம் அவள் கேட்டுக்கொண்டே வந்தாள்: மூக்கு யார் மாதிரி? முடி இருக்கா? கண்ணு தெறந்தானா? அவன் எல்லாவற்றுக்கும் "நீயே பாரு" என்றான்.

கட்டில் பக்கத்தில் நாற்காலி நின்றது. அவள் எட்டிப் பார்த்தாள். கையைக் கழுவிவிட்டு வந்துதான் உட்கார்ந்திருந்தாள். அந்தக் கையை நீட்டிப் பிள்ளையின் தொடையைத் தொட்டாள். சூடுபட்டதுபோல உடனே எடுத்தாள்.

"ஏங்க."

"ம்."

"செத்துக் கெடக்கற மாதிரி இருக்கு. நீங்க எப்படிங்க பாத்துட்டு நிக்கிறீங்க?"

"அப்படித்தான் வைக்கணுமாம். அண்ணன் சொன்னாரில்ல?"

"சொன்னாரு. சொல்றதுக்கும் தொட்டுப் பாக்கறதுக்கும்..." தோளில் போர்த்தியிருந்த சால்வையை உருவினாள். "ஓரத்துல லேசா. கால்ல மட்டும். யாருக்கும் தெரியாது. பெத்தவ நான் பொறுப்பு."

நர்ஸ் அந்தக் கோடியில் வேறொரு பிள்ளையிடம் நின்றிருந்தாள். சால்வையின் நுனி பிள்ளையின் பாதத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தபோது டிகிரி அவள் மணிக்கட்டைப் பிடித்தான். வலிக்கிற மாதிரி பிடித்தான்.

"விடுங்க."

"மூடாதே."

"வெறைச்சுக் கெடக்குதுங்க என் பிள்ளை!"

"நான் மூடுனேன்" என்றான்.

அவள் கை நின்றது.

"ஆம்புலன்ஸ்ல. மூடக்கூடாதுன்னு அந்த நர்சம்மா சொன்னாங்க. நான் கேக்கல. உனக்கு வாங்குன வெந்நிய பாட்டில்ல ஊத்தி, வேன்ல வைப்போமே அந்த மாதிரி... கால்கிட்ட வச்சேன்."

இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. அவள் அவனைப் பார்க்கவில்லை, பிள்ளையைத்தான் பார்த்தாள்.

"எவ்வளவு நேரம்?"

"ஒண்ணேகால் மணி நேரம்."

"மாத்தி ஊத்துனீங்களா?"

"மூணு தடவை."

"எவ்வளவு காட்டுச்சு? இங்க வந்து பாக்கும்போது?"

"முப்பத்தெட்டு புள்ளி ரெண்டு."

வேறொரு பெண்ணாக இருந்தால் அந்த எண் வெறும் எண்ணாகப் போயிருக்கும். இவள் ஆறு வருஷம் தரம் பிரித்தவள். அரை டிகிரி ஏறிய நாளில் மேசைக்கு என்ன மாதிரிக் குஞ்சு வரும் என்று கை அறியும் அவளுக்கு.

சால்வையை மெதுவாக மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அதான் மூணு நாளா ஃபோன்ல என்கிட்ட ரெண்டு வார்த்தைக்கு மேல பேசலையா."

"அண்ணன் சொல்ல வேணாம்னாரு."

"அண்ணன் சொல்வாரு." கொஞ்ச நேரம் கழித்து, "என்னை வெளிய கொண்டுபோய் விடுங்க" என்றாள்.

வாசலில் நின்ற வேன்காரர் தங்கச்சியின் முகத்தைப் பார்த்தார், பிறகு இவன் முகத்தைப் பார்த்தார். "வாயை வச்சுட்டுச் சும்மா இருக்க முடியல உனக்கு" என்று பல்லைக் கடித்தார். பிறகு தங்கச்சியிடம் திரும்பி, "ஏம்மா, அது என் வித்தை. திட்டறதுன்னா என்னையும் சேத்துத் திட்டு" என்றார்.

"யாரையும் திட்டற தெம்பு இல்லண்ணே" என்றாள் அவள். அதன்பின் அவனோடு பேசவில்லை. பாலைப் பீய்ச்சி எடுக்கச் சொல்லிக் கிண்ணம் கொடுத்தார்கள். அவள் பீய்ச்சினாள். கிண்ணத்தை அவனிடம்தான் கொடுத்தாள், உள்ளே கொண்டுபோக. அதைக் கொடுக்கும்போதும் முகத்தைப் பார்க்கவில்லை.

நாலாம் நாள் பதினொன்று இருபதுக்குச் சூட்டை ஏற்ற ஆரம்பித்தார்கள். மணிக்கு அரை டிகிரி, அதற்கு மேல் இல்லை. "அவசரப்படக் கூடாது. ஏத்தும்போதுதான் வலிப்பு வர்ற ஆபத்து" என்றார் டாக்டரம்மா. இருவரும் கட்டிலுக்கு ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தார்கள். முப்பத்து நாலு. முப்பத்து நாலரை. ஜன்னலுக்கு வெளியே மழை விட்டு வெயில் வந்தது. எதிர்க் கட்டிடத்து ஆள் ஒருவன் மொட்டைமாடியில் தேங்கிய தண்ணீரை வாரியலால் தள்ளிக்கொண்டிருந்தான்.

முப்பத்தைந்தில் பிள்ளையின் இடது கை துடித்தது. அவன் முதலில் அதை உயிர் வருகிறது என்று நினைத்தான். வாய் தானாகச் சப்புக்கொட்டியது; கை ஒரே தாளத்தில் வெட்டி வெட்டி இழுத்தது. திரையில் கோடு சீறிக்கொண்டு எழும்பியது. நர்ஸ் ஓடிவந்து ஏற்றுவதை நிறுத்தினாள். மருந்து போனது. துடிப்பு அடங்க இருபது நிமிஷமாயிற்று.

அவன் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தான். அந்தத் துடிப்பில் தன் பாட்டிலின் பங்கு எவ்வளவு, கழுத்துக்கொடியின் பங்கு எவ்வளவு என்று மனம் பிரித்துப் பிரித்துப் பார்த்தது. பிரிக்க வரவில்லை. இனி எந்த நாளும் வரப்போவதில்லை என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. நடக்கப் பிந்தினாலும், பேசப் பிந்தினாலும், ஒரு கணக்குத் தப்பாகப் போட்டாலும் அவன் அந்த ஒன்றேகால் மணி நேரத்துக்குள் போய் நிற்கத்தான் போகிறான்.

இரண்டு மணி நேரம் முப்பத்தைந்திலேயே நிறுத்தி வைத்தார்கள். பிறகு மறுபடி ஏற்றினார்கள். ராத்திரி ஏழரை மணி வாக்கில் எண் முப்பத்தாறரையைத் தொட்டது. வலிப்பு திரும்ப வரவில்லை. பிள்ளையின் உதட்டில் மெல்ல ஒரு சிவப்பு ஏறியிருந்தது.

ஐந்தாம் நாள் மூச்சுக்குழாயை எடுத்தார்கள். தானாக மூச்சு விட்டது. அழவில்லை, கதவு கீல் போல ஒரு கீச்சுச் சத்தம், அவ்வளவுதான். டாக்டரம்மா இருவரையும் நிற்கவைத்துச் சொன்னார்: "உயிருக்குப் பயம் போயாச்சு. மத்தது இப்ப சொல்ல முடியாது. மூளையைப் படம் எடுப்போம். அதுலயும் எல்லாம் தெரியாது. தவழணும், உக்காரணும், நடக்கணும். ஒண்ணரை வருஷம், ரெண்டு வருஷம் பாக்கணும். இப்போதைக்கு ஒண்ணுதான். சப்பத் தெரியுதான்னு பாக்கணும். மூளைக்குச் சப்பறது ஒரு பெரிய வேலை. அது வந்தா ஒரு படி."

அன்று முழுக்க வார்டு நர்ஸ் இரண்டு மூன்று தடவை கையுறை போட்ட விரலைப் பிள்ளையின் வாயில் வைத்துப் பார்த்தாள். நாக்கு அசையாமல் கிடந்தது. மறுநாள் காலை மனைவி வைத்துப் பார்த்தாள். அசையவில்லை. பாலில் நனைத்து வைத்தாள். உதட்டோரம் வழிந்ததே தவிர, ஒன்றும் இல்லை. அவள் விரலைத் துடைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க வைங்க" என்றாள்.

மூன்று நாளில் அவனிடம் அவள் பேசிய முதல் பேச்சு. அவனுக்குச் சட்டென்று விளங்கவில்லை.

"நானா?"

"வேற யாரு இருக்கா இங்க?"

"என் கை வேணாம்மா."

"ஏன்?"

"உனக்குத் தெரியாதா?"

"தெரியும்." அவள் பிள்ளையைப் பார்த்தபடியே பேசினாள். "தெரிஞ்சுதான் சொல்றேன். எனக்கு உங்க மேல கோவம் போகல. எப்ப போகும்னும் தெரியல. அதுக்காக இவன் அப்பன் கை படாம வளரணுமா? நாளைக்கு இவனைத் தூக்க, கழுவ, நடக்கலைன்னா இடுப்புல வச்சுச் சுமக்க, நான் ஒருத்தி மட்டும் போதுமா? போய்க் கழுவிட்டு வாங்க."

அவன் போய்க் கழுவினான். முழங்கை வரை சோப்புப் போட்டு, நகக்கண்ணை எல்லாம் தேய்த்து, மறுபடியும் ஒரு தடவை. வார்டு நர்ஸ் பார்த்துவிட்டு, "தோலை உரிச்சுடாதீங்க சார்" என்றாள்.

திரும்பி வந்து கட்டில் பக்கத்தில் குனிந்தான். சுண்டுவிரலை நீட்டினான். மனைவி கிண்ணத்திலிருந்து ஒரு சொட்டுப் பாலை அதன் நுனியில் விட்டாள். பிள்ளையின் உதட்டை விலக்கி, நாக்கின் மேல் விரலை வைத்தான். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. எவ்வளவு என்று கணக்குப் பார்க்க மனம் ஓடியது. அவன் அதை விட்டுவிட்டான்.

ஒன்றும் நடக்கவில்லை. சுவரில் கடிகார முள் நகர்ந்தது. எதிர்க் கட்டில் பக்கம் யாரோ இருமினார்கள். அவன் இடுப்பு வலித்தது. எடுத்துவிடலாம் என்று நினைத்தபோது விரல் நுனியில் ஏதோ மடங்கியது. நாக்கின் ஓரங்கள் எழும்பி விரலைத் தொட்டன. ஒரு இழுப்பு. இழுப்பு என்று சொல்லத்தக்கதா என்பதே சந்தேகம். பிறகு மறுபடி அசைவற்றுப் போனது.

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"என்ன?" என்றாள் அவள்.

"இழுத்தான்."

"நிசமாவா? எத்தனை?"

"ஒண்ணு. ஒண்ணே ஒண்ணுதான்." அவன் பிள்ளையின் வாயைப் பார்த்தபடியே சொன்னான். "போதும்னு நெனைக்கிறேன். களைச்சுப் போயிடுவான்." விரலை எடுக்கப் போனான்.

அவள் கையை நீட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எடுக்காதீங்க" என்றாள். "அப்படியே இருக்கட்டும்."